வடபுலக் காட்டைத் தாங்கி நிற்பவை

ஒரு காட்டில் ஆயிரக்கணக்கான உயிர்கள் வாழ்கின்றன. அவற்றுள் ஒன்று இல்லாமற் போனால் என்ன நடக்கும்? பல வேளைகளில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. வேறொன்று வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் சில உயிர்கள் அப்படியல்ல. அவை போனால் அவற்றோடு வேறு பலவும் போய்விடும். நீர் வற்றும், மண்ணின் வளம் குறையும், காட்டின் தோற்றமே மாறிவிடும். அவை திரும்பி வந்தால் மற்றவையும் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும்.

காணி பூமியை விட்டு வந்தவர்களுக்கும், பல வருடங்களின் பின் பற்றை மண்டிய காணிக்குத் திரும்பியவர்களுக்கும் இது வெறும் விஞ்ஞானச் செய்தியன்று. "எதை முதலில் காப்பாற்றுவது? எதை முதலில் மீட்பது?" என்பது எங்கள் குடும்பங்கள் நாளாந்தம் எதிர்கொண்ட கேள்வி. இக்கேள்விக்கு நல்ல பாடம் சொல்லும் இடமொன்று எங்கள் நாட்டுக்கு வெகு தொலைவில், பூமியின் வடபகுதியில் இருக்கின்றது. கனடா, அலாஸ்கா, நோர்வே, சுவீடன், பின்லாந்து, ரஷ்யா ஆகிய இடங்களின் குளிர்க்காடுகளே அவை. அக்காடுகளைத் தாங்கி நிற்கும் சில உயிர்களைப் பற்றி இக்கட்டுரையிற் பார்ப்போம்.

உச்சிக்கல் என்றால் என்ன?

பழைய கோவில்களில் கல்லால் கட்டிய வாசல் வளைவுகளைப் பார்த்திருப்பீர்கள். வளைவின் நடு உச்சியில் ஆப்பு வடிவில் ஒரு கல் இருக்கும். அது மற்றக் கற்களைவிடப் பெரியதல்ல. ஆனால் அதைக் கழற்றினால் இரு பக்கக் கற்களும் சரிந்து விழும். மறைநூலிற் சொல்லப்படும் மூலைக்கல் வேறு; அது நிலத்தில் இருந்து சுவரைத் தாங்குவது. இது மேலே இருந்து வளைவைப் பிடித்து வைப்பது. இதனை உச்சிக்கல் என்போம்.

இந்தச் சொல்லை உயிர்களுக்கு முதலிற் பயன்படுத்தியவர் றொபேட் பெயின் என்னும் அமெரிக்க விஞ்ஞானி. அவர் 1963ஆம் ஆண்டு தொடக்கம் வாஷிங்டன் மாநிலக் கடற்கரையில் ஒரு பாறைப் பகுதியிலிருந்து நட்சத்திர மீன்களைப் பிடுங்கிக் கடலுக்குள் எறிந்து வந்தார். அருகிலிருந்த இன்னொரு பகுதியைத் தொடாமல் விட்டார். நட்சத்திர மீன் இல்லாத பாறையில், அது வழமையாகத் தின்னும் மட்டிகள் பெருகி இடம் முழுவதையும் பிடித்துக்கொண்டன. அங்கே வாழ்ந்த 15 இனங்கள் 8 ஆகக் குறைந்தன. தொடாத பாறையில் எல்லாம் முன்போலவே இருந்தன. எண்ணிக்கையிற் குறைந்திருந்தும் சுற்றியுள்ள எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கும் இத்தகைய இனத்துக்கு 1969ஆம் ஆண்டு அவர் உச்சிக்கல் இனம் என்று பெயரிட்டார்.

வேறு சில உயிர்கள் மிகப் பெருந்தொகையாக இருந்தே ஓர் இடத்தைத் தாங்குகின்றன. அவற்றை அத்திவார இனங்கள் எனலாம். ஒரு வீட்டுக்கு இரண்டும் தேவை. காட்டுக்கும் அப்படியே.

வடபுலக் காடு எப்படிப்பட்டது?

வட அரைக்கோளத்தின் மேற்பகுதியை ஒரு பச்சைத் தலைப்பாகை போலச் சுற்றியிருப்பது இக்காடு. உலகக் காடுகளில் நூற்றுக்கு 27 பங்கு இதுவே. ஸ்புரூஸ், பைன் போன்ற ஊசியிலை மரங்களே அதிகம். இடையிடையே பேர்ச், அஸ்பென், வில்லோ ஆகிய அகன்ற இலை மரங்கள் நிற்கும். வருடத்தில் ஏறக்குறையப் பாதி பனி மூடியிருக்கும். பல இடங்களிற் குளிர் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகை வரை செல்லும்.

குளிரில் இலை குழை இலகுவில் உக்குவதில்லை. எனவே மண்ணிற் பசளைத்தன்மை குறைவு. வெப்ப நாட்டுக் காடுகளோடு ஒப்பிட்டால் மர இனங்களும் விலங்கினங்களும் குறைவு. ஒன்றின் வேலையைச் செய்ய இன்னொன்று இல்லாத நிலை அங்கே அதிகம். ஆகவே ஒவ்வோர் உயிரும் என்ன வேலை செய்கின்றது என்பது வெளிச்சமாகத் தெரிகின்றது.

பனிமுயலும் பயமும்

வட அமெரிக்கக் காடுகளில் பனிமுயல் என்றொரு முயல் உண்டு. கோடையில் மண்ணிறமாகவும் மாரியில் வெள்ளையாகவும் மாறும். பனியிற் புதையாதிருக்க அதன் பின்பாதங்கள் அகன்றவை. ஏறக்குறையப் பத்து வருடங்களுக்கு ஒருமுறை இம்முயல்கள் பெருகிக் காடெங்கும் நிறைந்து, பின்னர் ஒருசில வருடங்களில் மிக அருகிப்போகும். இவற்றை உண்டு வாழும் லிங்ஸ் என்னும் காட்டுப்பூனையும் பின்தொடர்ந்து பெருகிக் குறையும். ஹட்சன் பே கொம்பனி என்னும் தோல் வியாபார நிறுவனத்தின் பழைய கணக்குப் புத்தகங்களில் இந்த ஏற்ற இறக்கம் நூறு வருடங்களுக்கு மேலாகப் பதிவாகியுள்ளது.

லிங்ஸ் மாத்திரமல்ல, பெரிய ஆந்தைகள், பருந்தினங்கள், கொயோட்டி என்னும் ஓநாயினம் யாவும் முயலை நம்பியிருக்கின்றன. அணில்கள்கூட முயற்குட்டிகளைத் தின்கின்றன. முயல் குறைந்த வருடங்களில் லிங்ஸ்கள் பட்டினியால் மடியும். சில நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தூரம் அலைந்து போகும்.

முயல்கள் குறைவது உணவுப் பஞ்சத்தாலா, பகை விலங்குகளாலா? கனடாவின் யூக்கோன் பகுதியில் சாள்ஸ் கிரெப்ஸ் என்பவரும் தோழர்களும் 1986ஆம் ஆண்டு தொடங்கிப் பல வருடங்கள் இதைச் சோதித்தனர். ஒவ்வொன்றும் ஒரு சதுர கிலோமீற்றர் அளவான துண்டுகளை எடுத்துக்கொண்டனர். சிலவற்றில் முயலுக்கு மேலதிக உணவு போட்டனர். முயல்கள் மூன்று மடங்காயின. வேறொன்றை மின்வேலியால் அடைத்துப் பகை விலங்குகளைத் தடுத்தனர், இரண்டு மடங்காயின. உணவும் கொடுத்து வேலியும் போட்ட இடத்திலோ பதினொரு மடங்காயின. பசியும் ஆபத்தும் தனித்தனியாகச் செய்யும் தீங்கைக் கூட்டினால் வருவதைவிட, இரண்டும் சேர்ந்து செய்யும் தீங்கு மிகப் பெரியது என்பது இதிலிருந்து தெரிந்தது.

பின்னர் 2009ஆம் ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வு மனதைத் தொடுவது. சினைப்பட்ட முயல்கள் இருந்த அடைப்புக்குள் பயிற்றிய நாயொன்றைச் சிறிது நேரம் உலவ விட்டனர். நாய் எந்த முயலையும் தொடவில்லை. ஆனாலும் அம்முயல்களின் உடலிற் பயத்தினாற் சுரக்கும் பதார்த்தம் கூடியது. உயிரோடு குட்டி ஈன்றவை குறைந்தன. ஈன்ற குட்டிகளும் சிறியனவாயிருந்தன. தாயின் பயம் குட்டிகளிலும் தொடர்வதை அடுத்த ஆய்வுகள் காட்டின. பகை விலங்குகள் குறைந்து, தின்பதற்கு வேண்டியது முளைத்த பின்னரும் முயல்கள் உடனே பெருகாமல் இரண்டு மூன்று வருடங்கள் தாமதிப்பதற்கு இது ஒரு காரணம் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். ஆபத்து நீங்கிய நாளிலேயே எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடுவதில்லை. அதற்குக் காலம் வேண்டும். இதை எங்களவர்க்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

ஓநாய் போன தீவு

அமெரிக்க, கனடிய எல்லையில் உள்ள சுப்பீரியர் ஏரியில் ஐல் றோயல் என்றொரு தீவு உண்டு. அங்கே மூஸ் என்னும் மிகப் பெரிய மான்கள் வாழ்கின்றன. 1940களின் இறுதியில், ஏரி உறைந்திருந்த காலத்தில் ஓநாய்கள் பனிக்கட்டி மீது நடந்து தீவுக்கு வந்தன. 1958ஆம் ஆண்டு முதல் இரண்டின் எண்ணிக்கையையும் ஆய்வாளர் தொடர்ந்து கணக்கிட்டு வருகின்றனர்.

காலநிலை சூடாகி ஏரி உறைவது அருமையானதும் புதிய ஓநாய்கள் வர வழியில்லாமற் போயிற்று. உள்ளவை தமக்குள்ளேயே இனங்கலந்து நலிந்தன. 2016ஆம் ஆண்டில் இரண்டே இரண்டு மிஞ்சின. மூஸ்களோ 2019இல் 2000 அளவுக்குப் பெருகி, இளம் மரக்கன்றுகள் எழும்பாதபடி மேய்ந்து தள்ளின. 2018, 2019ஆம் ஆண்டுகளில் 19 ஓநாய்களை வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டனர். அதன்பின் சில வருடங்களில் மூஸ்கள் பாதிக்கும் குறைந்தன. ஆட்டுக்காரனுக்கு ஓநாய் பகை. ஆனால் அந்தத் தீவின் மரக்கன்றுக்கு ஓநாயே காவற்காரன்.

காலடியில் உள்ள அத்திவாரம்

இனிக் கண்ணில் இலகுவிற் படாதவற்றுக்கு வருவோம். வடபுலக் காட்டின் நிலத்தைப் பஞ்சு மெத்தை போல இறகுப்பாசி மூடியிருக்கும். இப்பாசியின் இலைகளுக்கிடையே நீலப்பச்சைப் பாசி என்னும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் வாழ்ந்து, காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துப் பசளையாக்குகின்றது. வயலில் அசோலா வளர்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அசோலாவுக்குள் இருந்து நைதரசனைப் பிடிப்பதும் இதே கூட்டத்தைச் சேர்ந்த நுண்ணுயிரே.

வட சுவீடனில் ஆராய்ந்தவர்கள் 2002ஆம் ஆண்டு வெளியிட்ட கணக்கின்படி, இப்பாசி ஒரு ஹெக்டெயருக்கு வருடமொன்றில் ஒன்றரை முதல் இரண்டு கிலோ நைதரசனைச் சேர்க்கின்றது. எங்கள் கணக்கிற் சொன்னால் மூன்று நான்கு கிலோ யூரியா. நெற்செய்கைக்கு இது ஒன்றுமேயில்லை. ஆனால் நூற்றுக்கணக்கான வருடங்கள் யாரும் தொடாதிருக்கும் காட்டில், ஆண்டுதோறும் சேரும் இந்தச் சிறுதொகையே பெருமரங்களை வளர்க்கின்றது.

மண்ணுக்குள்ளே வேர்களோடு சேர்ந்து வாழும் பங்கசுகளும் இருக்கின்றன. மழை விட்டதும் காளானாக வெளியே தலைகாட்டுபவை இவைதாம். இவற்றின் நூல்கள் வேர் எட்டாத தூரத்துக்கும் சென்று நீரையும் சத்தையும் மரத்துக்குக் கொண்டுவருகின்றன. மரம் அதற்குக் கூலியாகத் தான் சமைத்த சீனியைக் கொடுக்கின்றது. சுவீடனின் ஏரித்தீவுகளில் நடந்து 2013ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், அந்த மண்ணிற் சேர்ந்திருந்த காபனில் நூற்றுக்கு 50 முதல் 70 பங்கு வரை விழுந்த இலைகளிலிருந்தல்ல, வேர்களிலிருந்தும் அவற்றோடு வாழும் பங்கசுகளிலிருந்தும் வந்தது என்று கண்டனர். காட்டை முழுவதும் வெட்டினால் இப்பங்கசுகள் பட்டினியால் மடிகின்றன. ஆங்காங்கே சில மரங்களை விட்டால் அவற்றின் வேர்களில் ஒரு பங்கு உயிர் தப்பி, புதிய கன்றுகளுக்குப் பரவுகின்றது.

பயனற்றதென்று வெட்டப்பட்ட அஸ்பென்

அஸ்பென் மரத்தின் இலை எங்கள் அரசமிலையைப் போல மெல்லிய காற்றுக்கும் நடுங்கும். வாழை குட்டி போடுவது போல இதுவும் வேரிலிருந்து குட்டி போட்டுப் பரவும். காட்டுத்தீயில் மரம் எரிந்தாலும் மண்ணுக்குள் இருக்கும் வேர் மீண்டும் தளிர்க்கும்.

சுவீடனிலும் பின்லாந்திலும் மரத்தொழில் வளர்ந்தபோது அஸ்பெனுக்குக் கெட்ட காலம் வந்தது. பைன் கன்றுகளை முறுக்கிக் கெடுக்கும் துருநோய் ஒன்று அஸ்பென் இலையில் தங்கி வளர்கின்றது. பைனுக்கே விலை அதிகம். எனவே அஸ்பெனைக் களையென்று வெட்டியும், பட்டை சீவியும், மருந்தடித்தும் ஒழித்தனர்.

பின்னரே அது செய்துவந்த வேலை தெரிந்தது. முதிர்ந்த அஸ்பெனின் உள்மரம் பங்கசினால் மென்மையாகும். அதில் மரங்கொத்திகள் பொந்து கொத்துகின்றன. பல மரங்கொத்திகள் ஒரு பொந்தை ஒரு முறை பாவித்துவிட்டு அடுத்த வருடம் புதிதாகக் கொத்தும். கைவிட்ட பொந்தில் சிறு ஆந்தைகளும், மரப்பொந்தில் முட்டையிடும் வாத்துகளும், பறக்கும் அணில்களும் குடியேறுகின்றன. தாமாகப் பொந்து செய்யத் தெரியாத இவற்றுக்கெல்லாம் மரங்கொத்தியே மேசன். அந்த மேசனுக்கு வேண்டிய மரம் அஸ்பென். பட்டுப்போன அகன்ற இலை மரங்களில் புழு தேடி வாழும் வெண்முதுகு மரங்கொத்தி, அத்தகைய மரங்கள் அற்றுப்போனதால் சுவீடனில் அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது.

பட்டமரம் என்றால் எங்களுக்கு விறகு. ஆனால் பின்லாந்தின் காடுகளில் 4000 முதல் 5000 வரையான உயிரினங்கள் பட்டமரத்தை நம்பியே வாழ்கின்றன. இன்று அந்நாடுகளிற் பொறுப்போடு மரம் வெட்டுபவர்கள் சில முதிய அஸ்பென்களை நிற்க விடுகின்றனர். சில மரங்களை அடியோடு வெட்டாமல் மூன்று நான்கு மீற்றர் உயரத்தில் வெட்டி, அடிமரத்தைப் பட்டுப்போக விடுகின்றனர்.

குளம் கட்டும் விலங்கு

இவை எல்லாவற்றிலும் விவசாயிக்கு மிகவும் பிடிக்கக்கூடியது பீவர். எலி, அணில் இனத்தைச் சேர்ந்தது. முழு வளர்ச்சியடைந்தது 30 கிலோ வரை நிறை இருக்கும். வால் அகப்பை போலத் தட்டையானது. முன்பற்களில் இரும்புச்சத்து இருப்பதால் அவை செம்மஞ்சள் நிறமானவை, மிக உறுதியானவை. அப்பற்களால் மரத்தை அரிந்து வீழ்த்தி, தடியாலும் சேற்றாலும் கல்லாலும் ஓடையை மறித்துக் கட்டுப் போடும்.

ஏன் இந்தப் பாடு? மாரியில் ஓடை அடிவரை உறையாமலிருக்க நீர் ஆழமாக இருக்க வேண்டும். பீவரின் வீட்டு வாசல் நீருக்கு அடியில் இருப்பதால் பகை விலங்கு உள்ளே வர முடியாது. இலையுதிர் காலத்திலேயே கிளைகளை வெட்டி நீருக்கடியிற் சேமித்து, பனிக்கட்டியின் கீழே போய் எடுத்துத் தின்னும். தாய், தகப்பன், இரண்டு வயது வரையான பிள்ளைகள் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்து கட்டைப் பராமரிக்கும். சுவீடனைச் சேர்ந்த லார்ஸ் வில்சன் என்பவர் நீரோடும் சத்தத்தை ஒலிபெருக்கியிற் போட்டபோது, பீவர்கள் வந்து அந்த ஒலிபெருக்கியின் மேலேயே தடிகளை அடுக்கினவாம்! கட்டு உடைத்துக்கொண்டது என்று நினைத்திருக்க வேண்டும். கனடாவின் அல்பேட்டா மாகாணத்தில், வூட் பஃபலோ தேசியப் பூங்காவில் 2007ஆம் ஆண்டு செய்மதிப் படத்திற் கண்டுபிடிக்கப்பட்ட பீவர் கட்டு ஏறக்குறைய 800 மீற்றர் நீளமானது.

எங்கள் குளங்களுக்கு வானும் துருசும் உண்டு. பீவரின் குளத்துக்கு அவை இல்லை. மேலதிக நீர் கட்டின் மேலாலும் இடையாலும் கசிந்து போகும். ஆனால் பலன் ஒன்றுதான். வெள்ளம் வேகம் குறைந்து ஓடும், வண்டல் தங்கும், அயலில் நிலத்தடி நீர் உயரும். மீன், தவளை, வாத்து வரும். நீரில் நின்று பட்ட மரங்களுக்கு மரங்கொத்தி வரும். பீவர் குடும்பம் இடம் பெயர்ந்த பின், கட்டு உடைந்து நீர் வடிந்தால், வண்டல் படிந்த அந்த இடம் நல்ல புற்றரையாகும்.

அல்பேட்டாவின் எல்க் ஐலண்ட் பூங்காவில் பீவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அழிந்து, 1941ஆம் ஆண்டு மீண்டும் கொண்டுவரப்பட்டன. அங்கே 54 வருட வான்படங்களையும் மழைக் கணக்கையும் ஒப்பிட்டு 2008ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, பீவர் இருந்த காலத்தில் திறந்த நீர்ப்பரப்பு, அது இல்லாத காலத்தைவிட ஒன்பது மடங்கு அதிகம் என்று காட்டியது. பெருவரட்சியான 2002ஆம் ஆண்டிலும் பீவர் உள்ள குளங்களில் நீர் நின்றது. 2023ஆம் ஆண்டு கனடாவிற் காட்டுத்தீ ஏறத்தாழ ஒரு கோடி ஐம்பது இலட்சம் ஹெக்டெயரை எரித்தது. அது இலங்கையைப் போல இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட பரப்பு. தீயும் வரட்சியும் கூடிவரும் இக்காலத்தில் நீரைத் தேக்கும் விலங்கின் பெறுமதி இன்னும் கூடியுள்ளது.

தொப்பிக்காக அழிந்த குளங்கள்

பீவரின் அடிமயிர் மிக மெல்லியது. அதை அமுக்கிச் செய்யும் தொப்பிக்கு ஐரோப்பாவில் ஒரு காலத்திற் பெருமதிப்பு. 1670ஆம் ஆண்டு தொடங்கிய ஹட்சன் பே கொம்பனி வளர்ந்ததே இந்தத் தோல் வியாபாரத்தால்தான். அக்காலத்தில் கியூபெக் பகுதிக் கத்தோலிக்கர், பீவர் நீரில் வாழ்வதால் அதை மீனாகக் கணித்துத் தவக்காலத்திலும் உண்டனர் என்பது ஒரு சுவையான செய்தி. ஆனால் பீவரை அழித்தது தொப்பியே. ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் 1900ஆம் ஆண்டளவில் ஏறக்குறைய 1200 பீவர்களே எட்டு இடங்களில் ஒதுங்கியிருந்தன. பராமரிக்க ஆளில்லாத கட்டுகள் உடைந்தன, குளங்கள் வற்றின, ஓடைகள் நிலத்தை ஆழமாக அரித்துக்கொண்டு ஓடின. குளக்கட்டு உடைந்தால் ஊர் என்னாகும் என்று எங்களுக்குத் தெரியும்.

மீட்டவர்கள் யார்?

கனடாவில் ஜேம்ஸ் குடாவின் கரையில் ரூபேட் ஹவுஸ் என்னும் கிராமம் (இன்று வாஸ்ககனிஷ்) கிறீ என்னும் ஆதிக்குடிகளின் ஊர். 1920களின் இறுதியில் அங்கே பீவர் அற்றுப்போக மக்கள் பசியால் வாடினர். ஹட்சன் பே கொம்பனியின் அவ்வூர்ப் பொறுப்பாளராயிருந்த ஜேம்ஸ் வாட்டும் அவர் மனைவி மோடும் கியூபெக் அரசோடு பேசி, 1932ஆம் ஆண்டு ஒரு பெரும்பரப்பைப் பீவர் காப்பிடமாக்கினர். ஆனால் காத்தவர்கள் கிறீ குடும்பங்களே. ஒவ்வொரு குடும்பமும் பரம்பரையாக வேட்டையாடிய நிலத்தில் வேட்டையை நிறுத்தி, எத்தனை பீவர் வீடுகள் உள்ளன என்று குடும்பத்தின் மூத்தவர் எண்ணிக் கணக்குக் கொடுத்தார். பசியோடு இருந்த மக்கள் கையெட்டும் தூரத்தில் இருந்த உணவைத் தொடாமல் விட்டனர். சுமார் பத்து வருடங்களில் பீவர் பெருகி, அளவோடு பிடிக்க முடிந்தது.

இக்கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1971ஆம் ஆண்டு அதே ஜேம்ஸ் குடாப் பகுதியில் அரசு பெரும் நீர்மின் அணைத் திட்டத்தை அறிவித்தது. வடக்கே போர்ட் ஜோர்ஜ் தீவில் வாழ்ந்த கிறீ மக்கள் 1980ஆம் ஆண்டளவில் தம் ஊரை விட்டுச் சிசாசிபி என்னும் புதிய இடத்துக்குப் போக நேர்ந்தது. ஆனால் 1975ஆம் ஆண்டு செய்த உடன்படிக்கையில், பீவரை எண்ணிய குடும்ப நில முறையும் அதன் மூத்தவர்களின் பொறுப்பும் எழுத்தில் ஏற்கப்பட்டன. தங்கள் நிலத்தை எண்ணி வைத்திருந்தவர்கள், பேச்சுவார்த்தை மேசையிலும் அந்த அறிவோடு உட்கார முடிந்தது.

சுவீடனில் பீவர் முற்றாக அழிந்தபின், 1922ஆம் ஆண்டு நோர்வேயிலிருந்து ஒரு சோடி கொண்டுவரப்பட்டது. தொடர்ந்து மேலும் சில வந்தன. இன்று அங்கே ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டவை வாழ்கின்றன. அவை தெருவையும் தோட்டத்தையும் வெள்ளத்தில் ஆழ்த்துவதும் உண்டு. அத்தகைய இடங்களிற் கட்டுக்கு ஊடாகக் குழாய் வைத்து நீர்மட்டத்தைக் குறைக்கின்றனர்.

அவசரத்தில் நடந்த பிழைகளையும் சொல்ல வேண்டும். பின்லாந்தில் 1937ஆம் ஆண்டு அமெரிக்கப் பீவரைக் கொண்டுவந்து விட்டனர். அது வேறு இனமென்று அப்போது தெரியாது. இன்று அங்கே அதுவே அதிகம். ஊர்ப் பீவர் குறைவு. ஆர்ஜென்ரீனாவின் தென்கோடியில் 1946ஆம் ஆண்டு தோலுக்காக விடப்பட்ட பீவர்களோ, வெட்டினால் தளிர்க்காத அந்நாட்டு மரங்களைப் பெருமளவில் அழித்துவிட்டன. வடக்கே உச்சிக்கல்லாக இருந்தது தெற்கே இடிக்கும் கல்லாயிற்று.

நாம் எடுத்துக்கொள்ளக் கூடியவை

1. தாங்கி நிற்பது பெரியதாக இருக்க வேண்டியதில்லை. பாசியும் பங்கசும் பட்டமரமும் பெருங்காட்டைத் தாங்குகின்றன. திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பற்றி எழுதிய சுற்றுமடலிலும், கண்ணிற் படாத சிறிய உயிர்கள் ஓரிடத்தின் சமநிலையைக் காப்பதை எடுத்துக் கூறியுள்ளார்.

2. பயனற்றது என்று தீர்ப்பிட அவசரப்படக் கூடாது. அஸ்பெனை ஒழித்த பின்னரே அதன் வேலை தெரிந்தது. வெட்டுவதற்கு முன் அதில் யார் குடியிருக்கிறார் என்று பார்ப்பது நல்லது.

3. முழுவதையும் ஒரே நாளில் மீட்க முடியாது. சரியான ஒன்றை மீட்டால் அது மற்றவற்றை அழைத்துக்கொண்டு வரும். பீவர் நீரைக் கொண்டுவந்தது. நீர் மற்றவற்றைக் கொண்டுவந்தது.

4. பிற இடத்தில் நல்லதாயிருந்தது என்பதற்காக எதையும் கொண்டுவந்து இறக்கக் கூடாது. திட்டம் கொண்டுவருபவர்களும், நாங்கள் உட்பட, இதை நினைவில் வைக்க வேண்டும்.

5. நிலத்தை அறிந்தவர்களே அதை மீட்கக்கூடியவர்கள். கிறீ மூத்தவர்களின் எண்ணிக்கை இல்லாமல் அந்தக் காப்பிடம் வெறும் காகிதமாக இருந்திருக்கும்.

கிராமச் சங்கங்களிலும் மாதர் குழுக்களிலும் கலந்துரையாட:

உங்கள் காணியில், அல்லது விட்டு வந்த காணியில், எந்த மரம், எந்த உயிர் போனதால் மற்றவையும் போயின?

குளம், கிணறு, வேலி, மரம் ஆகியவற்றுள் எதை முதலிற் திருத்தினால் மற்றவை தாமாக எழும்பும்?

இவற்றை அறிந்த மூத்தவர்கள் உங்கள் குழுவில் யார் யார்? அவர்கள் சொல்வதை ஒரு கொப்பியில் எழுதி வைக்கும் பொறுப்பை எந்தப் பிள்ளையிடம் கொடுக்கலாம்?